சின்னச்சாமி வீட்டு ரத்தம்

பாளையம்பட்டி,
22.01.2025

தம்பி விஜயபாண்டிக்கு,

அக்கா தங்கமாரி எழுதுவது. நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் நல்ல சுகம். நீ அந்தத் தீவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பது உனக்கும் உன் சட்டிக்கும்தான் வெளிச்சம். போனில் பேசினால் நாலு வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. நீ கத்த, நான் கத்த, மச்சான் டிவி சத்தத்தைக் கூட்ட, எதுக்கு அந்த வம்பு. அதனால் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுது. கோபம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு, கடைக்கு வந்தவர்களுக்குச் சாமான் கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதலாம்.

நீ கேட்ட வேலை முடிந்தது. நாம் பிறந்த பரளச்சியில், அம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டு ரத்தம் எடுத்தார்கள். மதுரை லேபிலிருந்து ஜெயக்குமார் சார் ரெண்டு நர்ஸுகளோடு வேனில் வந்தார். எதுக்கு ரத்தம், அதை என்ன செய்வோம், இஷ்டமில்லாதவர்கள் போகலாம் என்று அரைமணி நேரம் விளக்கினார். ஒருத்தருக்கும் விளங்கவில்லை. நான்தான் எழுந்து, "அந்தக் காலத்துல நம்ம பக்கமிருந்து கப்பலேறிப் போனவுக வாரிசு கடலுக்கு அங்கிட்டு இருக்காக. அவுக நமக்குச் சொந்தமான்னு பார்க்கப் போறாக. கையை நீட்டுங்க" என்றேன். அதுக்குப் பிறகுதான் வரிசை நின்றது.

நம் ஊர் ஆம்பளைகளை என்னவென்று சொல்ல. கருவேலங்காட்டுக்குள் இறங்கி முள் வெட்டுகிறவன் ஊசியைக் கண்டதும் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று நழுவுகிறான். நான் விடுவேனா? கோயில் வரி வாங்குகிற மாதிரி, கல்யாணம் ஆன ஆம்பளைக்கு ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு குழாய் என்று கணக்கு வைத்து, ஒரு வீடும் விட்டுப் போகாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். குழாயில் வீட்டுப் பேரை எழுதினதும் நான்தான். மகளிர் குழுவில் பத்து வருஷம் தலைவியாக இருந்தவளுக்கு இது ஒரு வேலையா.

மாரீஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நீ வேண்டாம் என்றாயே, என் நாத்தனார், அவள்தான். குத்திக்காட்ட எழுதவில்லை. ஆனால் "சொந்தத்துல கட்டுனா பிள்ளைகளுக்கு ஆகாது" என்று மச்சான் முகத்துக்கு நேராகச் சொன்னாய். நானே மாமன் மகனைக் கட்டினவள். என் பிள்ளைகள் ரெண்டும் அப்போது உன் மடியில் உட்கார்ந்திருந்தன. பொண்ணை வேண்டாம் என்றதைவிட அதுதான் எனக்கு வலி. சரி, விடு. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் உனக்குப் பெண் பார்க்க வேண்டியவள் நான். உனக்கு முப்பத்தாறு ஆகிறது.

உன் அக்கா,
தங்கமாரி

*

ரீயூனியன் தீவு,
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானிடம் போனில் பேசிவிட்டேன். "விடு மாப்ளே, அன்னைக்கே மறந்துட்டேன்" என்றார். அவர் மறந்துவிடுவார் என்று தெரியும். நீ மறக்க மாட்டாய் என்றும் தெரியும்.

ஊரில் ரத்தம் எடுத்துக் கொடுத்ததற்கு உனக்கு என்ன செய்வது. இங்கே நான் செய்கிற வேலையை ஒரு தடவையாவது உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தீவில் மனுசரே கிடையாது. எரிமலை, காடு, பறவைகள், அவ்வளவுதான். இன்றைக்கு இருக்கிற அத்தனை பேரும் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள். பிரான்சிலிருந்து, மடகாஸ்கரிலிருந்து, ஆப்பிரிக்காவிலிருந்து, சீனாவிலிருந்து, பிறகு கரும்புத் தோட்டக் கூலிக்கு நம் நாட்டிலிருந்து. நம் ஆட்களின் பேச்சு ரெண்டு மூணு தலைமுறையில் போய்விட்டது. எந்த ஊர் என்று பல பேருக்குத் தெரியாது. ஆனாலும் தை மாதம் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு தீ மிதிக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது என் காலுக்குக் கீழே சுட்டது.

ரத்தத்தில் ஏ, பி என்று குரூப் சொல்கிறோம் இல்லையா. அந்த ஏ, பி வந்து உட்கார அடியில் ஒரு படி இருக்க வேண்டும். அதுக்கு ஹெச் என்று பேர். ஓ குரூப்காரர்களுக்கு வெறும் படி மட்டும் இருக்கும். ரொம்பச் சிலருக்கு அந்தப் படியே கிடையாது. சாதாரணமாகப் பார்த்தால் ஓ மாதிரியே தெரியும். நம்பி ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. முதலில் பம்பாயில் கண்டுபிடித்ததால் பம்பாய் குரூப் என்பார்கள். நம் நாட்டில் பத்தாயிரம் பேரில் ஒருத்தருக்கு இருக்கும் என்று கணக்கு. இந்தச் சின்னத் தீவில் அதைவிட அதிகம். அப்பா ஒரு பாதி, அம்மா ஒரு பாதி என்று ரெண்டு பக்கமும் வந்து சேர்ந்தால்தான் அது வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால், சுமக்கிறவருக்கே தெரியாமல் பிள்ளைக்கும் பேரனுக்கும் போய்க்கொண்டே இருக்கும். யார் எங்கிருந்து வந்து இந்தத் தீவில் குடியேறினார்கள் என்பதை இந்த மாதிரி ரத்தத்தை வைத்துத் தேடுவதுதான் என் வேலை.

இங்கே ரத்த வங்கியில் ஜோஸ்லின் என்று ஒரு நர்ஸ். பத்தொன்பது வயதில் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், அவள் ரத்தம் வேறு எந்த ரத்தத்தோடும் சேரவில்லை என்று கண்டுபிடித்தார்கள். பம்பாய் குரூப். வருஷத்தில் மூணு நாலு தடவை, எந்த வேளையில் கூப்பிட்டாலும் போய் யாருக்கோ கொடுக்கிறாள். அப்பா இல்லை. அவருக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. அம்மா மட்டும் இருக்கிறார். வீட்டு முற்றத்தில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறாள். யார் சாமி என்று கேட்டேன். "எங்கள் சாமி" என்றாள். அதுக்கு மேல் அவளுக்குத் தெரியாது.

அக்கா, சுற்றி வளைக்கவில்லை. நான் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன். அவளுக்கும் இஷ்டம். நீ சரி என்று சொன்னால் நடக்கும். நீ சொல்லாமல் நடத்த எனக்கு மனசு வராது.

உன் தம்பி,
விஜயபாண்டி

*

பாளையம்பட்டி,
14.02.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். "ஓ" குரூப் வரைக்கும் கேட்டவர் அப்புறம் தூங்கிப் போனார். ஜோஸ்லின் என்றதும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். ஊருக்குள் பத்து ஜாதகம் வாங்கி வைத்திருந்தேன், தெரியுமா. அத்தனையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு நீ அனுப்பின போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுருட்டை முடி, மாநிறம், பல் தெரியச் சிரிப்பு. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "எந்த ஊரு தாயி" என்று கேட்கத் தோன்றும் முகம். கூப்பிட்ட வேளையில் எழுந்து போய் ரத்தம் கொடுக்கிறவள் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பாள்.

சரி என்கிறேன். ஆனால் கல்யாணம் பரளச்சிக் கோயிலில் நடக்க வேண்டும். ஆவணியில் வைத்துக்கொள்வோம். தாலிக்கு ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். முதல் முடிச்சு நீ போடு, மிச்ச ரெண்டும் நாத்தனார் நான் போட வேண்டும். பெண் வீட்டுப் பக்கம் யார் நிற்பார்கள் என்றுதான் ஒரே யோசனை. அம்மா ஒருத்தி மட்டும் வந்தால் பந்தல் அந்தப் பக்கம் வெறிச்சென்று கிடக்குமே.

உன் அக்கா,
தங்கமாரி

*

ரீயூனியன் தீவு,
06.04.2025

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து நம் ஊர்க் குழாய்களின் முடிவுகள் வந்தன. ஜோஸ்லின் மரபணுவில் அந்த ஹெச் படியை இல்லாமல் செய்கிற மாற்றம் மட்டும் ஒருத்தருக்கு இருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. நம் நாடு முழுக்கப் பம்பாய் குரூப்காரர்கள் நிறையப் பேருக்கு அதே மாற்றம்தான். அதுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற நீளமான பகுதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தலைமுறை தாண்டத் தாண்ட அந்தப் பகுதி அறுந்து அறுந்து சிறுத்துக்கொண்டே வரும். நீளமாக ஒத்துப்போனால், ஆறேழு தலைமுறைக்குள் ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன் என்று அர்த்தம்.

நம் ஊர்க் குழாய் ஒன்றில் அந்த மாற்றம் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. அதை மேலே வைத்து, ஜோஸ்லினுடையதைக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். இப்போது மாறும், இப்போது மாறும் என்று பார்க்கிறேன். மாறவில்லை. போய்க்கொண்டே இருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கோயிலில் தீபாராதனை காட்டும்போது நாமாக எழுந்து நிற்போமே, அந்த மாதிரி. பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். திரையைக் கையால் காட்டினேன்.

ஏதோ ஒரு பஞ்சத்தில், நம் முன்னோர் மாதிரி அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர் யாரோ, கஞ்சிக்கு வழியில்லாமல் நடந்தே துறைமுகம் போய்க் கப்பலேறியிருக்கிறார். அவர் பேர் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கொண்டுபோன துணி, பாத்திரம், பேச்சு எல்லாம் அழிந்துவிட்டன. இந்த ஒரு துண்டு மட்டும் அழியவில்லை. பிள்ளைக்கு, பிள்ளையின் பிள்ளைக்கு என்று கைமாறி ஜோஸ்லினிடம் வந்து நிற்கிறது. அவர் ஊரில் விட்டுவிட்டுப் போன கூடப்பிறப்பு வழியாக அதே துண்டு பரளச்சி வெயிலில் நடமாடிக்கொண்டிருக்கிறது. ரெண்டும் ஒன்றையொன்று அறியாமல் நூற்றைம்பது வருஷம் இருந்திருக்கின்றன. இந்த வேலைக்கு வந்ததுக்கு இது ஒன்று போதும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

பிறகுதான் குழாயின் பேரைப் பார்த்தேன். உன் கையெழுத்து. சின்னச்சாமி வீடு.

நம் பெரியப்பா மகன் சின்னச்சாமி அண்ணன், அக்கா. நம் பங்காளி. ஜோஸ்லினின் அம்மா ரத்தத்தையும் பார்த்துவிட்டேன், அவர் கொடுத்த பாதியில் மாற்றம் உண்டு, ஆனால் சுற்றியிருக்கிற நீளமான துண்டு வேறு. அப்பா வழியில் வந்தது. அண்ணனுக்கும் அவர் அப்பா வழியில் வந்திருந்தால், ஜோஸ்லின் நம் பங்காளி வீட்டுப் பெண். எனக்குத் தங்கச்சி முறை.

எனக்கு இந்தத் துண்டு இல்லை. அதில் ஆறுதலும் இல்லை, அண்ணன் தம்பிக்குள்ளேயே ஒருத்தருக்கு வரும், ஒருத்தருக்கு வராது. படித்த படிப்பு சொல்கிறது, ஆறேழு தலைமுறை தள்ளி யாரும் யாரையும் கட்டலாம், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று. ஆனால் நான் பரளச்சியில் பிறந்தவன். தங்கச்சி என்ற சொல் ஒரு தடவை மனசில் வந்த பிறகு, அவள் கையைப் பிடிக்க எனக்குக் கூசுகிறது. அவளோ, தனக்கு ஊர் கிடைத்துவிட்டது என்று அழுதாள், சிரித்தாள், முற்றத்துக் கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். "அப்படியானால் நான் உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

நீ சொல், அக்கா.

விஜயபாண்டி

*

பாளையம்பட்டி,
10.04.2025

தம்பி,

ரெண்டு நாளாகக் கடையில் உப்புக் கேட்டவர்களுக்குச் சீனி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன்டா தோண்டினாய்? பேசாமல் தாலியைக் கட்டியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது. அப்படியும் நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். ஆனால் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு பங்காளி வீட்டுப் பிள்ளை கழுத்தில் என் கையால் முடிச்சுப் போட முடியாது. நீ அங்கேயே ஆபீஸில் எழுதிக் கட்டிக்கொள், எந்தச் சட்டமும் தடுக்காது. அப்புறம் எனக்குத் தம்பி என்று ஒருத்தன் கிடையாது. இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். கடைக்கு ஆள் வந்தார், போனார். திரும்ப வந்து வாசித்தேன். எழுதினதை அடிக்கவில்லை. அதுதான் என் பேச்சு.

பரளச்சிக்குப் போயிருந்தேன். சின்னச்சாமி அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். இந்த மனுசன் உடம்புக்குள் கடல் தாண்டினவர் ஒருத்தர் இருக்கிறாரே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற ஆள்தான், அன்றைக்கு என்னவோ புதுசாகத் தெரிந்தார். விஷயத்தைச் சொன்னேன். கல்யாணப் பேச்சைச் சொல்லவில்லை, ரத்தத்தைப் பற்றி மட்டும். மீசையைத் தடவிக்கொண்டார். "நம்ம வம்சம் லேசுப்பட்டதா, கடலுக்கு அங்கிட்டும் கொடி ஓடுது பாரு" என்று கடைக்காரரிடம் ஆரம்பித்தவர், பஸ்ஸு ஏறுகிற ஆளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நம் பங்காளி வீடு அந்த ஊரில் ஒன்பது. மற்ற எட்டு வீட்டுக் குழாயிலும் அந்தத் துண்டு இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. திரும்பப் பார்க்கச் சொல். எனக்கு உன் படிப்பு தெரியாது. ஆனால் மூட்டையில் ஒரு கத்திரிக்காய் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், அது இந்த மூட்டைதானா என்று பார்ப்பேன். தெரிந்துகொண்டு அழுவோம்.

தங்கச்சிதான் என்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளையை இங்கே அனுப்பி வை. அண்ணன் வீட்டுச் சேலை எடுத்துக் கொடுத்து, பிறந்த பெண்ணுக்குச் செய்கிறதை எல்லாம் செய்கிறேன். அதில் குறை வைக்க மாட்டேன்.

தங்கமாரி

*

ரீயூனியன் தீவு,
02.05.2025

அக்கா,

மற்ற எட்டு வீட்டிலும் இல்லை. அந்த ஒரு குழாயைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொன்னேன். இன்றைக்குத்தான் ஜெயக்குமார் சார் பேசினார்.

அது ஆம்பளை ரத்தமே இல்லை. பொம்பளை ரத்தம். சம்மதக் காகிதத்தில் சின்னச்சாமி அண்ணன் கையெழுத்து இருக்கிறது, குழாயில் அவர் வீட்டுப் பேர் இருக்கிறது, உள்ளே இருக்கிறது ஒரு பெண்.

யார் ரத்தம், அக்கா?

விஜயபாண்டி

*

பாளையம்பட்டி,
02.05.2025

தம்பி,

வாசித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். வெற்றிலை வாங்க வந்தவர் பயந்து போனார்.

குருவம்மா மதினி ரத்தம்டா. சின்னச்சாமி அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் காகிதத்தில் ஜோராகக் கையெழுத்துப் போட்டார். ஊசியைப் பார்த்தார். "இந்தா வாரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர்தான், வேன் கிளம்பின பிறகுதான் வந்தார். மதினி மிளகாய்க் காட்டிலிருந்து வந்த கையோடு, "எந்தக் கையா இருந்தா என்ன, எங்க வீட்டுக் கணக்கு நேராகணும்ல" என்று நீட்டினார்கள். நான் சின்னச்சாமி வீடு என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவேன்? கோயில் வரிச் சீட்டிலும் ரேஷனிலும் அப்படித்தானே எழுதுகிறோம். மதினி வெளியூரிலிருந்து வாழ வந்தவர்கள், ரத்தம் வேறு வீட்டு ரத்தம் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. இந்த மாதிரி இன்னும் நாலைந்து குழாய் இருக்கும், ஜெயக்குமார் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைத் திட்டினால் திட்டட்டும்.

இதில் அந்த அண்ணன் மூணு வாரமாக மீசையைத் தடவிக்கொண்டு திரிகிறார். தன் ரத்தம் இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன.

நன்றாக யோசி. மதினி பிறந்தது குமாரலிங்கபுரம். அந்த வீடு நமக்குச் சம்பந்தம் செய்கிற வீடு, பங்காளி வீடு இல்லை. அந்த வழியில் வந்த பெண் உனக்குக் கட்டிக்கிற முறை. ஆசாரியிடம் தாலி வேண்டாம் என்று சொல்லப் போனேன், நல்லவேளை அவர் வெளியூர் போயிருந்தார்.

உன் அக்கா,
தங்கமாரி

*

ரீயூனியன் தீவு,
11.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஜோஸ்லினுக்கு அவள் பேச்சில் மாற்றிச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டின இடத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

எனக்கும் துள்ளிக் குதிக்கத் தோன்றுகிறது. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் வேண்டாம். குருவம்மா மதினிக்கு இந்தத் துண்டு அவர்கள் அப்பா வழியில் வந்ததா, அம்மா வழியில் வந்ததா, அம்மாவைப் பெற்றவள் வழியில் வந்ததா, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் பெண்கள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வாழப் போயிருக்கிறார்கள். அவர்களோடு இதுவும் போயிருக்கிறது. பின்னால் போகப் போக அது எந்த வீட்டில் கிளம்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் பங்காளி வீட்டிலிருந்தே ஒருத்தி அந்தக் காலத்தில் குமாரலிங்கபுரத்துக்கு வாழப் போயிருக்கலாம். சொந்தம் என்பது வரைக்கும் ரத்தம் சொல்கிறது. என்ன முறை என்று சொல்ல அதுக்குத் தெரியாது.

இதற்கு மேல் தோண்ட என்னிடம் கருவி இல்லை. இருந்தாலும் தோண்ட மாட்டேன். முறையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வோம் என்று ரெண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.

தம்பி,
விஜயபாண்டி

*

பாளையம்பட்டி,
19.05.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பரளச்சிக்குப் போனேன். குருவம்மா மதினி அடுப்படியில் இருந்தார்கள். அண்ணனும் இருந்தார். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கடல், கப்பல், ஜோஸ்லின், நீ கட்ட நினைத்தது, நாங்கள் பயந்தது, நீ இப்போது எழுதியிருப்பது எல்லாம்.

மதினியைப் பற்றி உனக்கு அதிகம் தெரியாது. ஒத்தைப் பிள்ளையாகப் பிறந்தவர்கள். கல்யாணம் ஆன மறு வருஷமே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். குமாரலிங்கபுரத்து வீடு இடிந்து மண்ணாகிவிட்டது. ஜவுளிப் பூங்கா வருது, வேலை வருது என்று அந்த ஊரே பேசிக்கொள்கிறது, இவர்களுக்கு அங்கே போய் நிற்க ஒரு வாசல் இல்லை. பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வராத பொம்பளை அந்தத் தெருவில் அவர்கள் ஒருத்திதான். அந்தச் சமயத்தில் மட்டும் காட்டில் வேலை இருக்கிற மாதிரி போய்விடுவார்கள். நாங்களும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம்.

நான் சொல்லி முடித்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஊசி போட்ட கையை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். "அம்புட்டுத் தூரத்துல எனக்கு ஆளிருக்கா?" என்றார்கள். அந்த முகத்தை உனக்கு எப்படி எழுதிக் காட்டுவேன். அண்ணன் சும்மா இருக்காமல், "ரத்தம் ஆயிரம் வழியில வந்திருக்கும்னு அவனே எழுதியிருக்கான். உனக்கு அது என்ன முறைன்னு யாரு கண்டா" என்றார். அதுவரைக்கும் புருசனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "எந்த வழியில வந்தா என்ன, என்கிட்ட வந்துருச்சுல்ல. அது எனக்குத் தங்கச்சி. நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க, போங்க" என்றார்கள். அண்ணன் எழுந்து போய்விட்டார்.

மதினிக்குத் தங்கச்சி என்றால் உனக்குக் கொழுந்தியா. முறை சொல்லியாகிவிட்டது. இனி இதைப் பற்றி யாரும் பேச வேண்டாம், நீயும் பேசாதே.

ஆவணி இருபத்தாறு, வியாழக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. பெண்ணும் அவள் அம்மாவும் பரளச்சியில் மதினி வீட்டில்தான் இறங்க வேண்டுமாம். தாலி கட்டுகிறவரைக்கும் நீ அந்த வாசலில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. பெண் வீட்டுப் பக்கம் மதினி நிற்பார்கள். அண்ணன் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இப்போதே முழித்துக்கொண்டிருக்கிறார்.

கீழே இருப்பது மதினி சொல்லச் சொல்ல நான் எழுதினது. ஒரு வார்த்தை விடாமல் ஜோஸ்லினுக்கு அவள் பேச்சில் சொல்லு.

உன் அக்கா,
தங்கமாரி

"தாயி, நல்லாருக்கியா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ பேசுறது எனக்கு விளங்காது, நான் பேசுறது உனக்கு விளங்காது. அதனால ஒன்னும் இல்ல, பார்த்துக்கிட்டு இருப்போம். உனக்குன்னு ஒரு பாயும் ஒரு தட்டும் வாங்கி வச்சிருக்கேன். அம்மாவுக்குக் கட்டில் இருக்கு. இந்த வீட்டுக்கு எத்தனையோ பேரு வந்துருக்காக, போயிருக்காக. எல்லாரும் அவுகளைத் தேடி வந்தவுக. என்னையத் தேடி ஒருத்தரும் வந்ததில்ல. நீதான் மொத ஆளு. சுருக்கா வா.

குருவம்மாள்"